உள்பக்கமும் பூசுங்க

"பாத்ரூமுக்குப் பூசுற சிலிக்கானை என் கையில குடுக்காதீங்க அண்ணி. படகுக்கும் பாத்ரூமுக்கும் வித்தியாசம் வேண்டாமா?"

டியூபைத் திருப்பிக் கொடுத்தான் படகு ரிப்பேர்காரன். பிசின் என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். கையில் படுவதெல்லாம் ஒட்டிக்கொள்ளும்; வாயில் மட்டும் எந்த ரகசியமும் ஒட்டாது.

"சரி தம்பி, நீங்களே சொல்லுங்க. எதைப் போட்டா ஒரு சொட்டுகூடக் கசியாது?" என்றாள் படகுக்காரரின் மனைவி.

வீட்டுப் பின்புறம், மணல் மூட்டைகளுக்கு நடுவே படகு அசையாமல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தாள். அது தொங்கிக்கொண்டிருந்த பின்பலகையில் இப்போது பழைய போல்ட் ஓட்டைகளும், அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் துளை ஒன்றும்தான் இருந்தன.

"அடியில இருக்கிற அடைப்பானுக்கு ரப்பர் மாதிரி இழுபடுற பசை போதும். நாளைக்கே கழட்டணும்னாலும் கழட்டலாம். பழைய ஓட்டையை எல்லாம் அடைச்சுத் தர்றேன். சிலிக்கான் மட்டும் ஆகாது. அது ஒரு தடவை பட்ட இடத்துல அப்புறம் வேற எந்தப் பசையும் பிடிக்காது. பங்காளிச் சண்டை மாதிரி."

"இந்தக் கம்பிக்கு?"

துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பி ஒன்றை அவள் எடுத்து நீட்டினாள். "பின்பலகையில, உள்பக்கம் பார்த்து மாட்டணும். அவர் உடம்பு பாரம் முழுக்க இதுமேலதான்."

பிசின் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான். "எவர்? அண்ணனா?"

"வேற யாரு?"

அண்ணன் போன மழைக்காலத்தில் படகில் வழுக்கி விழுந்தவர். ஒடிந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது. கால்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தூக்கி நிறுத்தினால் வலியில் கத்துவார். பிறகு கத்துவதையும் விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த மௌனம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நிக்க முடியாத மனுஷனைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா? புத்தி கித்தி பிசகிடுச்சா உங்களுக்கு?"

"அவர் இந்தப் படகுல இறங்கியே ஆகணும் தம்பி. இப்படியே விட்டா இனிமே எந்திரிக்கவே மாட்டார்."

"படகுல ஏறுவாங்க அண்ணி. இறங்க மாட்டாங்க. இதுகூடத் தெரியாம கிளம்பிட்டீங்க."

"ஏறுறதோ இறங்குறதோ, நீங்க கம்பியை மாட்டுங்க."

"மாட்ட மாட்டேன். ஒரு அலை அடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்."

"அப்ப நகருங்க. நானே மாட்டிக்கறேன்."

டிரில்லை எடுத்துப் பென்சில் குறியின்மேல் வைத்தேவிட்டாள், அதுவும் சாய்வாக. பிசினுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, குடுங்க இப்படி! கோணலா ஓட்டை விழுந்தா பலகைக்குள்ள தண்ணி இறங்கி உளுத்துப் போயிடும்!"

பிடுங்கியவன் பிடுங்கியதுதான்; முணுமுணுத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிட்டான். ஓட்டையின் விளிம்பைப் பசை தங்குவதற்காகக் கொஞ்சம் அகலமாக்கினான். தின்னரால் துடைத்தான். இருப்பதிலேயே வலுவான பசையை எடுத்து போல்ட்டைச் சுற்றி வெளிப்பக்கம் பூசினான்.

"உள்பக்கமும் பூசுங்க," என்றாள்.

"உள்ள எதுக்கு? தண்ணி வெளியில இருந்துதானே வரும்?"

"எனக்காகப் பூசுங்க தம்பி."

தலையில் அடித்துக்கொண்டு உள்பக்கமும் பூசினான். நட்டைப் பாதிதான் முறுக்கினான். "இப்பவே இறுக்கினா பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துடும். காஞ்சதும் வந்து மிச்சத்தை முறுக்கறேன். ஒரு வாரம் தண்ணி படக்கூடாது."

"சரி. அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா படகைத் தொடவே விடமாட்டார்."

"நானா? என் வாயில இருந்து வரவே வராது."

அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

நட்டுகளை இறுக்கிவிட்டுப் போன பிறகும் பிசினுக்கு மனசு ஆறவில்லை. அவளோ சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. அண்ணனை நடுக்கடலில் தனியாக அவளிடம் விடுவதா? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். அந்த ஒரு வாரக் கெடு முடிந்த அன்று காலையிலேயே படகை ஏற்றுகிற வண்டியோடும், கையில் மூன்று மிதவைச் சட்டைகளோடும் வந்து இறங்கினான்.

"அண்ணி! போறதுன்னா நானும் வர்றேன். அண்ணனை நான் பிடிச்சுக்கறேன். அவருக்கு ஒண்ணு ஆக விடமாட்டேன்!"

கத்திக்கொண்டே பின்புறம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

படகு அதே மணல் மூட்டைகளுக்கு நடுவேதான் இருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஆவி பறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஈரச் சட்டையோடு ஒதுங்கி நிற்க, படகுக்குள் இடுப்பளவு வெந்நீரில், கம்பியைப் பிடித்தபடி, தன் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தார் அண்ணன்.

"வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க தம்பி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தண்ணிக்குள்ள நின்னா உடம்பு பாரம் தெரியாது, கால் மெள்ளப் பழகிடும்னு டாக்டர் சொன்னார். இவர் உடம்புக்குத் தக்க தொட்டி நம்ம வீட்டுல வேற எது இருக்கு?"