பின்பக்கம் இல்லாத கூண்டு

கோமதி நின்றது கூண்டின் வலது ஓரத்திலா, இடது ஓரத்திலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூண்டு பொன்னிறம். அது மட்டும் நிச்சயம். மஞ்சளாக இருந்து, விளக்கில் பொன்னாகத் தெரிந்தும் இருக்கலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பொன்னிறம் எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

ஆள் உயரக் கிளிக்கூண்டு. உள்ளே ஒரு பெண்ணும் ஒரு பையனும் பாடிக்கொண்டே இருப்பார்கள். பாட்டு முடிந்ததும் இருவருக்கும் சிறகு முளைத்துவிடும். கால் மணி நேரப் படம். கதை அவ்வளவுதான்.

முன்பக்கம் மட்டும்தான் கம்பிகள். கேமரா பார்க்காத பின்பக்கம் திறந்தே கிடந்தது.

அங்கே ஒரு மடக்கு நாற்காலியில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

நான் தலை அலங்காரம் செய்கிறவள். என் இடமும் பின்பக்கம்தான்.

அன்று கடைசிக் காட்சி. சாயங்கால ரயிலில் அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை மாமன் மகனோடு கல்யாணம். கூட நடித்தவன் ஸ்டூடியோ ஃப்ளோருக்குப் பின்னால் டாக்சியை நிறுத்திவைத்திருந்தான். இருவரும் ஓடிப்போக ஒரு நிமிடம் கிடைத்தால் போதும். கொண்டை ஊசி குத்தும்போது அவள்தான் சொன்னாள்.

"அண்ணன் அந்த நாற்காலிய விட்டு எந்திக்கவே மாட்டேங்கானேக்கா."

அவள் கைகளில் மருதாணி. முந்தின நாள் அத்தை வைத்துவிட்டாளாம். முன்பே எடுத்துவிட்ட முதல் சரணத்தில் வெறும் கைகள். இரண்டாம் சரணத்தில் கரி பூசியதுபோல் தெரியும். எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். போகவில்லை.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடச் சொன்னார்.

கதவுகளைச் சாத்தினார்கள். விளக்குச் சூடு. காற்றே இல்லை.

ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தது. பாட்டுக் காட்சி என்றால் சத்தத்தை முழுக்கத் திறந்துவிடுவார்கள். இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். வாயசைத்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சிவந்த கை நீண்டது.

அவன் பிடித்துக்கொண்டான்.

கேமராவுக்குத் தெரியாது. டைரக்டருக்குத் தெரியாது. அண்ணனுக்கு நேர் எதிரே இருந்தது.

அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார். நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். என் காதருகே குனிந்தார்.

"பாட்டு முடியுத வரைக்கும் நான் வெளிய நிக்கேம்மா."

பின்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு போனார். அதைச் சாத்தவில்லை.

ஒரு பட்டை வெயில் கூண்டுவரை வந்து விழுந்தது. அவர்களுடைய குதிகால்களைத் தொட்டது.

அவர்கள் திரும்பவில்லை. ஷாட் ஓடும்போது திரும்பக் கூடாது.

நான் கூப்பிட்டேன். கோமதி, கோமதி என்று. கூப்பிட்டதாகத்தான் நினைவு. அந்தப் பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கட் சொன்ன பிறகு அண்ணன் உள்ளே வந்தார். கூண்டுக்குள் இருவரும் நின்றிருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.

கைகளைக் கட்டிக்கொண்டு அவள் பாடும் அழகைப் பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். படத்தில் இருவரும் பறந்துவிடுகிறார்கள்.

அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமையே கல்யாணம் ஆனது. அவன் கோயம்புத்தூரில் மோட்டார் கடை வைத்தான். டாக்சிக்காரர் எவ்வளவு நேரம் நின்றாரோ, தெரியாது. அண்ணன் அந்தப் படத்தைப் பார்க்காமலே இறந்துபோனார்.

மற்ற இருவரும் அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள்.