பார்டர்

இருபது வருஷமா யார் கண்ணுக்கும் தெரியாத கம்ப்யூட்டர் சர்வர் வேலையே பார்த்த தணிகாசலம், மனைவியோட புடவைக் கடைக்கு வெப் பேஜ் செஞ்சுக்கிட்டிருந்தார். சாயங்காலம் ஆன்லைன்ல கடை திறக்கணும். எது எங்க நிக்குதுன்னு பார்க்க, திரையில புடவைப் படம், கடைப் பேருன்னு ஒவ்வொரு பெட்டியைச் சுத்தியும் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

அங்கயற்கண்ணி எட்டிப் பார்த்தா. "என்னங்க, எல்லாப் புடவைக்கும் ஒரே பார்டரா?"

"அது அடையாளத்துக்கும்மா. அப்புறம் எடுத்துடுவேன்."

புடவையைத் தடவிப் பார்க்குற மாதிரியே அவ அந்தக் கோட்டு மேல விரலை ஓட்டினா. கடைப் பேருகிட்ட விரல் நின்னுது.

"என் பேரு கோட்டைத் தாண்டி வெளிய தொங்குதே. கண்ணின்னு வெட்டிடுங்க."

வெட்டப் போன கையை எடுத்துட்டு, அவர் பெட்டியை அகலமாக்கினார்.

"போதுமா?"

"முந்தானைக்கும் கொஞ்சம் விடுங்க."