மைக் கோளாறு

"மைக்கு மறுபடியும் பேஜார் பண்ணுது மேடம்" என்று சவுரிமுத்து வந்து நின்றபோது சரோஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாளில் இது ஏழாவது தடவை.

மேற்குத் தாம்பரத்தில், மாடியில் இரண்டு அறை பிடித்து 'மல்டிமீடியா சென்டர்' என்று அவள் போர்டு மாட்டி எட்டு மாதம் ஆகிறது. மல்டிமீடியா என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், எழுத்து, படம், குரல், அசைகிற சித்திரம், வீடியோ எல்லாவற்றையும் ஒரே சி.டி.யில் அடக்குவது என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம். கேட்டவர்களில் பாதிப் பேர், அப்போ கல்யாண கேசட்டுக்கு டைட்டில் போட்டுத் தருவீங்களா என்றார்கள்.

அந்த நிலைமையில்தான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆர்டர் வந்தது. புதிதாகச் சேரும் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்புப் பாடம். கம்ப்யூட்டரில் மெஷின் படம் வரும். மவுஸை எந்தப் பாகத்தில் வைத்து அமுக்கினாலும், அங்கே கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு குரல் சொல்லும். படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதால் அந்தக் குரல்தான் இதில் உயிர்.

சனிக்கிழமை போட்டுக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் இன்னும் எட்டுப் பாடம் இவர்களுக்கே. பிடிக்காவிட்டால், கணவர் சொல்கிறபடி போர்டைக் கழற்றிவிட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைக்க வேண்டியதுதான். இன்றைக்கு வியாழன்.

குரல் கொடுக்க ஒப்புக்கொண்ட அம்மாள் தொண்டை கட்டிப் படுத்துவிட்டாள். எழுத்து வேலை பார்க்கும் காந்திமதியைப் படிக்க வைக்கலாம் என்று யோசனை சொன்னதே எடிட்டர் சவுரிமுத்துதான்.

"டைப் அடிக்க சொல்லோ பாடிக்கினே அடிக்குது மேடம். குரல் அவ்ளோ சுத்தம்."

சரோஜினியும் சரி என்றாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து தலையாட்டலும் சிரிப்பும் தவிர வேறெதுவும் வந்ததில்லை. அடக்கமான பெண், சொன்னதைச் செய்வாள் என்று நினைத்தாள்.

ஆனால் ஒலிப்பதிவுக்காகச் சுவரெல்லாம் கம்பளி அடித்து வைத்திருந்த ஸ்டோர் ரூமுக்குள் இருவரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், மணிக்கணக்கில் வெளியே வருவதில்லை. நாலே நாலு பக்கம். மூன்று நாளாகி இரண்டு பக்கம்கூட முடியவில்லை. கேட்டால் மைக். டீக்கு மட்டும் சவுரிமுத்து வேளை தவறாமல் இறங்கிப் போகிறான்.

"மைக்கைக் கழட்டிக் கொடுங்க. நானே போய்க் காட்டிட்டு வரேன்" என்றாள் சரோஜினி.

சவுரிமுத்து தலையைச் சொறிந்தான். அது பரவாயில்லை, அவனே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவள் கேட்கவில்லை. தெருமுனை மைக் செட்காரரிடம் வேறொரு மைக்கை இரவல் வாங்கி வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மின்சார ரயில் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனாள்.

கடைக்காரர் மைக்கை மாட்டினார். ஹலோ சொன்னார், ஊதினார், கையால் தட்டினார், ஒரு பாட்டே பாடிப் பார்த்தார்.

"மைக்குக்கு ஒண்ணுமே இல்லம்மா. கோளாறு வேற எங்கியோ கீது."

எங்கே என்று சரோஜினிக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் சவுரிமுத்துவிடம் என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். பல்லாவரம் வருவதற்குள் அவனை வேலையைவிட்டே அனுப்பியாகிவிட்டது.

மாடியேறி வந்த வேகத்தில் ஸ்டோர் ரூம் கதவைத் தட்டாமலே தள்ளினாள். இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். காந்திமதி படித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் ஓடும்போது க… க… க…"

அவள் தோள் நடுங்கியது. அடுத்த எழுத்து வரவே இல்லை.

சவுரிமுத்து இரவல் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான்.

"நிறுத்துமா. பாத்தியா, நம்ம மைக்கு மாதிரியே இதுவும் நிக்குது. உன் மேல ஒண்ணும் இல்ல. நான் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டிக்கறேன். நீ இன்னொரு வாட்டி சொல்லு."

காந்திமதி நம்பினாளோ, நம்பியதாக வைத்துக்கொண்டாளோ, லேசாகச் சிரித்தாள். தோள் தளர்ந்தது. "மெஷின் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்" என்று ஒரே மூச்சில் வந்தது. என்ன குரல் அது. சரோஜினிக்கே கையை இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரையில் அவள் குரல் சின்னச் சின்ன மேடுகளாக நின்றது. திக்கிய மேடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து சவுரிமுத்து அழித்துக்கொண்டிருந்தான். ஒரு வரிக்கே அத்தனை இருந்தன. மூன்று நாள் எங்கே போனது என்று சரோஜினிக்கு இப்போது புரிந்தது. ரயிலில் அடுக்கிய வார்த்தை ஒன்றுகூட நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது.

சவுரிமுத்து திரும்பினான். அவள் கையில் மைக்கைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

காந்திமதி எழுந்து நின்றாள். "மே… மேடம், மைக்… ச… சரி பண்ணிட்டாங்களா?"

அவள் இதுவரை சரோஜினியிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். சரோஜினி அது முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மைக்கை மேஜைமேல் வைத்தாள்.

"இல்லம்மா. ரிச்சி தெருவில பெரிய கடைக்காரரே பார்த்துட்டார். இந்த மைக் அப்பப்ப நின்னு நின்னுதான் ஓடுமாம், ஒண்ணும் பண்ண முடியாதாம். வரப்போற எட்டுப் பாடத்தையும் இதை வெச்சுத்தான் முடிக்கணும். நீ உட்கார்ந்து படி."