இழுத்தால் இறுகாத முடிச்சு

"ஐயையோ! குழந்தையை நாய் மாதிரி கட்டிப் போட்டிருக்காங்களே!"

டிவியில் வாராவாரம் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் காந்தா, லைட்ஹவுஸ் குப்பத்தில் படம் பிடிக்க வந்து வண்டியை விட்டு இறங்கியதும் சொன்னது இதுதான்.

குடிசைத் தூணில் ஒரு கயிறு. அதன் மறுமுனையில், இடுப்பில் துணி சுற்றிக் கட்டப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு பிடி பொரி.

"இதோட அம்மா எங்கே?"

"இறால் ஷெட்டுல உரிக்கப் போய்க்கீறா மேடம்," என்றான் வரதன். மீனவர் சங்கச் செயலாளர். குப்பத்துக்கு ஒரு பால்வாடி வேண்டும் என்று ஆறு மனு கொடுத்து, ஒன்றுக்கும் பதில் வாங்காத ஆள்.

அப்பா எங்கே என்று காந்தா கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்து பத்தடி தள்ளிப் படகு நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நாகப்பனைக் காட்டியிருக்கலாம்.

ஆள் போய்ச் சொன்னதும் கோவிந்தம்மா ஓடி வந்தாள். ஐஸில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"நீயெல்லாம் ஒரு தாயா? பெத்த குழந்தையை யாராவது கட்டிப் போடுவாங்களா?"

"அவுத்து வுட்டா அந்தாண்ட ஏரி, இந்தாண்ட கடலு. போன ஆடியில முனியம்மா புள்ளை அப்படித்தான் போச்சு."

"கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஷெட்டுக்குள்ள புள்ளைய வுடமாட்டான். நான் போவலன்னா அடுப்பு எரியாது." கோவிந்தம்மாவின் குரல் தணிந்தது. "இங்க ஒரு பால்வாடி வந்துட்டா நான் இன்னாத்துக்கு மேடம் கட்டறேன்? அத்த மட்டும் டிவியில ஒரு வார்த்த சொல்லு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"கண்டிப்பா சொல்றேன்."

கேமரா ஓடியது. குழந்தை முதலில் சிரித்தது. கேமராக்காரர் பொரியை எடுத்து மறைத்ததும் அழுதது. காந்தா அதன் அருகில் மண்டியிட்டு, இடுப்பிலிருந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஞ்சாயத்து டிவி முன்னால் குப்பமே கூடியிருந்தது. கோவிந்தம்மாவுக்கு முன்வரிசையில் இடம்.

"பாரு, நம்ம பால்வாடி இன்னிக்கு ஊருக்கே தெரியப்போவுது," என்றான் வரதன்.

டிவியில் இரண்டு பொம்மைகள் வந்தன. அப்பா பொம்மை பேப்பர் படித்தது. அம்மா பொம்மை தோசை சுட்டது.

"நல்ல அம்மா எங்கே இருப்பாங்க?" என்று கேட்டாள் காந்தா.

"வீட்டுல!" என்று டிவிக்குள் இருந்த குழந்தைகள் கத்தினார்கள். குப்பத்துக் குழந்தைகளும் சேர்ந்து கத்தினார்கள். கோவிந்தம்மாவின் மூத்த மகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

அடுத்து, கயிற்றோடு அழும் குழந்தை. மூத்தவளுக்கு அப்போதுதான் அது தன் தங்கை என்று தெரிந்தது.

"இந்தப் பாப்பாவோட அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. பாப்பா பாவம் இல்லே?"

"பாவம்!"

ஒரு பாட்டு. அவ்வளவுதான், நிகழ்ச்சி முடிந்தது. பால்வாடி என்ற சொல்லே வரவில்லை.

 முனியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நான் எம்புள்ளையக் கட்டல. எனக்கு இன்னா பாட்டு பாடுவா?"

நாகப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். "ஊரு சிரிக்குது. நாளையிலருந்து நீ ஷெட்டுக்குப் போவாத, சொல்லிட்டேன்."

"சரி. ஷெட்டுல வர்ற காசை நீ கொண்டாந்து குடு."

 அவனுக்கு வேறு எதையாவது சொல்லிக் கத்த வேண்டியிருந்தது.

"படகுக்கு வாங்கின புதுக் கயிறுல நாலு முழத்தக் காணோம். மூணு வாரமாக் கேக்கறேன். எவ அறுத்தது?"

கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வரதன் போய் டிவியை அணைத்தான்.  மனு எழுதி எழுதித் தேய்ந்த கை அது.

"ஆயா வெச்சிப் புள்ளை வளக்கறவளுக்கு நம்ம வயித்தெரிச்சல் இன்னா தெரியும்? நாளைக்கே மெட்ராசுக்குப் போறோம். புள்ளைங்களத் தூக்கினு போய் டிவி ஆபீஸ் வாசல்ல குந்தறோம். அந்தம்மா வெளிய வந்து பதில் சொல்லட்டும்!"

"ஆமா! போலாம்!" என்று பெண்கள் எழுந்தார்கள்.

"வாசல்ல குந்தலாம் அண்ணா, பால்வாடி கேட்டு," என்றாள் கோவிந்தம்மா. "ஆனா அந்தம்மாவ இட்டாந்து நிறுத்த வேணாம். அதுக்கு ஆயா கிடையாது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னிக்கு எல்லாரும் வண்டியில ஏறினப்பறம், எதையோ மறந்துட்ட மாதிரி தனியா திரும்பி வந்துச்சு. அதுக்கும் ரெண்டு வயசுல ஒரு பொண்ணு கீதாம். பாத்துக்க ஆள் இல்ல. ரூமுல வெச்சிப் பூட்டிட்டுத்தான் வேலைக்கு வருதாம். அதுக்கு முந்தின வாரம் மாடி ஜன்னல்ல ஏறி நின்னுச்சாம் புள்ளை."

"அதுக்கு?"

"இழுத்தா இறுகாத முடிச்சு எப்பிடிப் போடறதுன்னு எங்கிட்ட கத்துக்கினு போச்சு."

கோவிந்தம்மா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அந்த நாலு முழம் கயிறும் அதுக்குத்தான் அறுத்துக் குடுத்தேன்."