பூவாளி ஷவர்

"இன்னிக்கு அந்தக் கிழட்டு ஷவரைக் கழட்டிட்டுத்தான் மறுவேலை!" என்றாள் மகள், பிளம்பரைக் குளியலறைக்குள் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு.

குடியிருப்பில் தண்ணீர்த் தட்டுப்பாடு. எல்லா வீட்டிலும் தண்ணீரைக் குறைத்து விடும் புது ஷவர் மாட்ட வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் மாட்டியாகிவிட்டது. பாக்கி இந்த வீடுதான்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேம்மா. நாங்க வாளியில மொண்டு ஊத்திக்கறோம்" என்றார் அப்பா. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்குபவர்களை அதட்டியே பழகிய குரல் இன்று ஏனோ குழைந்தது.

"ஆமாடி, இருக்கட்டுமே" என்று அவர் மனைவியும் சேர்ந்துகொண்டாள். "கல்யாணமான புதுசுல உங்கப்பா ஆசையா வாங்கிட்டு வந்தது. திறந்தா மழைதான்!"

"உங்க மழைக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சளியே பிடிச்சிருச்சு. தள்ளுங்க ரெண்டு பேரும்."

'மழை' என்று மனைவி சொன்னதுமே கண்டக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறைதான் வீடு. கூட்டுக் குடும்பத்தில் அரை வாளித் தண்ணீருக்கு அக்கா தங்கைகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள் அவள். "தலைக்கு மேல இருந்து மழை மாதிரி கொட்டணும், நான் பாட்டுக்கு நின்னுட்டே இருக்கணும்" என்று ஒருநாள் சொன்னாள். மறுவாரமே அகன்ற பித்தளை ஷவர் ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிட்டார். பூவாளி என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

முதல் நாள் அவள் பாடிக்கொண்டே குளித்தாள். தொட்டி காலி. தெருமுனை அடிபம்பிலிருந்து மூன்று மாடிக்கும் வாளி தூக்கினார் கண்டக்டர். அடுத்த நாளும் பாட்டு, அடுத்த நாளும் வாளி. வாரக் கடைசியில் தோள் பிடித்துக்கொண்டது. ஆனால் ஈரத் தலையோடு வெளியே வரும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்குமே, அந்த முகத்தைப் பார்த்து 'கொஞ்சமாகக் குளி' என்று எந்தப் புருஷனால் சொல்ல முடியும்?

அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் மூடியை வட்டத் தகடாக வெட்டி, டிக்கெட்டில் துளை போடும் பஞ்சிங் கருவியால் ஒரே ஓட்டை போட்டு, ஷவரின் கழுத்துக்குள் செருகிவிட்டார்.

மறுநாள் தண்ணீர் நூலாக விழுந்தது. குளித்துவிட்டு வந்தவளைத் திருட்டு முழி முழித்தபடி பார்த்தார். அவளோ, "இன்னிக்கும் மழைதாங்க!" என்றாள். அந்த வெள்ளை மனசை நினைத்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் எத்தனையோ வாடகை வீடுகள். பூவாளியும் கூடவே வந்தது. கழற்றுவதும் மாட்டுவதும் அவர்தான். வேறு யாரையும் தொடவிட மாட்டார். தண்ணீர் தாராளமாக வந்த வீடுகளிலும் தகட்டை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. திடீரென்று கொட்டினால், 'அப்போ இத்தனை நாளா வந்தது என்ன?' என்று கேட்பாளே! அவள் தினமும் மழை என்பாள், அவர் தினமும் ஆமாம் என்பார். இன்று அந்தத் தகடு அவள் கண்ணெதிரே விழுந்தால் அத்தனை வருட மழையும் பொய்யாகிவிடும்.

"இந்தாம்மா, பிளம்பர் தம்பிக்கு ஒரு டீ போட்டுக் குடேன்" என்று மெல்ல மனைவியை நகர்த்தப் பார்த்தார்.

"நீங்க போய் உக்காருங்க. தூசி பட்டா இருமல் வரும். நான் பாத்துக்கறேன்."

"நீ போ."

"நீங்க போங்க."

"ஐயா, யாராவது ஒருத்தர் போனாத்தான் நான் ஏணி போட முடியும்" என்றான் பிளம்பர்.

மகள்தான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அம்மா திரும்பித் திரும்பி ஷவரையே பார்த்துக்கொண்டு போனாள். பாவம், பிரிய மனமில்லை என்று கண்டக்டருக்கு நெஞ்சு கனத்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று ஏணிக்குக் கீழே போய் நின்றார்.

பிளம்பர் திருகினான். கழுத்து கழன்றது. தகடு நழுவியது. ஓடும் பஸ்ஸில் சில்லறை பிடித்த கையல்லவா, தரையில் விழுமுன்னே லபக்கென்று பிடித்துவிட்டார்.

"என்னய்யா அது?"

"ஷ்! ஒண்ணுமில்லப்பா. பழைய வாஷர்."

மனைவி டீயோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கண்டக்டர் மூடிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "முடிஞ்சதும்மா, சுலபமா வந்துருச்சு" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். இனி நிம்மதியாகச் சாகலாம் போலிருந்தது.

பிளம்பர் பூவாளியைக் காதோரம் வைத்துக் குலுக்கினான். "இருங்க பெரியவரே, முன்பக்கமும் ஏதோ ஆடுதே" என்றபடி முகத் தட்டைத் திருகினான்.

பூப்போட்ட பவுடர் டப்பா மூடியிலிருந்து வெட்டிய இன்னொரு வட்டத் தகடு, ஊசியால் குத்திய ஓட்டைகளோடு, இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. கண்டக்டர் தன் கையைத் திறந்து பார்த்தார். அவருடையது பத்திரமாக உள்ளேயே இருந்தது.

மனைவி தலைகுனிந்து நின்றாள். "என்னை மன்னிச்சிருங்க. நீங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு வாளி தூக்கிட்டு வர்றதைப் பாக்க முடியல, ஆசையா வாங்கினதை வேணாம்னு சொல்லவும் மனசு வரல... அதான் அந்த வாரமே நானே இதைப் போட்டு அடைச்சுட்டு, உங்ககிட்ட தினமும் மழை மழைன்னு பொய் சொல்லிட்டிருந்தேன்."