மணல் தெரியும் வரை

பாலாற்றில் தண்ணீர் வரும்வரைதான் இந்த மணலில் கால்பந்தாட்டம். ஐப்பசி வெயில் சாய்ந்து மணல் செம்மண் நிறத்தில் கிடக்கிறது. ரயில்காரர்கள் அணியிடம் மூன்று கோல் வாங்கித் தோற்ற, தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கரையேறிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த தேவசகாயம் மட்டும் கோல் மூங்கில்களுக்கு நடுவே நிற்கிறான். சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிப் புரட்டி வெடித்த கையைப் பக்கவாட்டில் எட்டிப் பாய்ந்து நீட்டுகிறான். விரல் மூங்கிலில் படுகிறது. மறுபடியும் பாய்கிறான். மறுபடியும் படுகிறது. "எனக்கே எட்டுது. கோல் காத்த அந்தத் துரைசாமி மரமாட்டம் நின்னுக்கினு இருந்தான்" என்று மணலை உதைக்கிறான். பக்கத்தில் தோண்டிய ஊற்றில் அவன் மனைவி ஞானம்மாள் கொட்டாங்குச்சியால் கலங்கல் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். கால் குடம்கூட நிறையவில்லை. அப்போது கரைமேல் யாரோ கூவிக்கொண்டு ஓடுகிறார்கள்: "வாணியம்பாடி தாண்டி வெள்ளம் வருதாம், மேல ஏறுங்க." ஞானம்மாள் கொட்டாங்குச்சியைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். நனைந்த கையால் சிலுவை போட்டுக்கொள்கிறாள். "கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாருய்யா. எத்தன மாசமாக் காத்துக்கினு இருந்தோம். வாய்யா, போலாம்." அவன் நகரவில்லை. ஆட்டக்காரர்களின் காலடிகள் குழம்பிக் கிடக்கும் மணலையே பார்க்கிறான். ஒரு கை இன்னும் மூங்கிலைப் பிடித்திருக்கிறது. "ஞானம், ஆறு மறுபடி எப்ப காயும்?" என்று கேட்கிறான்.