பல்லுக்குச் சொந்தக்காரர்

“மாமா பேரு இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாமே, மேடம்?” என்றாள் மருமகள், மேஜைமேல் விரித்திருந்த புத்தக அட்டையைப் பார்த்து.

மாமனாருக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. வீட்டில் ஒருத்திக்காவது தன் அருமை தெரிந்திருக்கிறதே!

“எனக்கு இந்த விளம்பரமெல்லாம் பிடிக்காது. ஆனா மருமக ஆசைப்படுறா, போட்டுடுங்க” என்றார், எதிரே உட்கார்ந்திருந்த பதிப்பாளர் அம்மாளிடம்.

அவருக்கு ‘சொற்கடல்’ என்று ஒரு பட்டம் உண்டு. அவரே கூட்டிய கூட்டத்தில், அவரே எழுதிக்கொடுத்த பாராட்டுரையின் முடிவில், அவர் சற்றும் எதிர்பாராத விதமாக வழங்கப்பட்டது. அட்டையில் புத்தகத்தின் பெயரான ‘பல்’ ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்க, நடுவில் சொற்கடல்தான் அலையடித்தது.

புத்தகம் முழுவதும் அந்த ஒரே சொல்தான். எந்தத் தொழிலில் அதற்கு என்ன பொருள், யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று முந்நூறு பக்கம்.

பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, பேரைப் பத்தித்தான் பேச வந்தேன். நேத்து ஒரு ஃபோன் வந்துச்சு. இதுல ஒரு வரிகூட நீங்க சேகரிச்சது இல்லையாம். யாருன்னு கேட்டேன், வச்சுட்டாங்க.”

“பொறாமை பிடிச்சவங்க!”

“இருக்கலாம். ஆனா அச்சுக்குப் போறதுக்குள்ள என் சந்தேகம் தீரணும். தீரலேன்னா அட்டையில உங்க பேரு வராது.”

சொற்கடல் கொந்தளித்தார். கொந்தளிப்பதற்கு முன், “அந்த ஜன்னலைச் சாத்தும்மா, தூறுது. ஒரு துளி மேல பட்டாலும் எனக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்” என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டார். அவள் சாத்திவிட்டு வந்து சுவரோரமாக நின்றாள்.

“கேட்டுக்குங்கம்மா. ரம்பத்துக்குப் பல்லு. தச்சுப் பட்டறையில மரத்தூளுக்கு நடுவுல நின்னு கேட்டேன். மிஷின் சக்கரத்துக்குப் பல்லு. சட்டையெல்லாம் கிரீஸ்! ஜிப்புக்குப் பல்லுன்னு சொன்ன தையல்காரர் எனக்கு அளவே எடுத்துட்டாரு. சாவிக்கு, சீப்புக்கு... இவ்வளவு ஏன், பூண்டுக்காகச் சமையலறை வரைக்கும் போயிருக்கேன்!”

இந்தக் கடைசிப் பயணத்தைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அத்தனை தூரம்.

“மருமகப் பொண்ணு உதவி செஞ்சாங்களோ?”

“இவளா? டைப் அடிச்சா. கமா எங்க போடணும்னுகூட நான்தான் சொல்லணும்.”

மருமகள் தரையைப் பார்த்தாள். பதிப்பாளர் பக்கங்களைப் புரட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தக் குடை ரிப்பேர்க்காரர்தான்” என்று படிக்க ஆரம்பித்தார். “‘பல்: பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, உரியவர் திரும்ப வாங்க வராமலே போன குடை. விழுந்த பல்லைக் கேட்டு யாரும் வருவதில்லை என்பதால் இப்பெயர்.’ அப்படியே சிலிர்த்துப் போச்சு.”

“மாமா” என்றாள் மருமகள் மெதுவாக. “குடைக்காரரை மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க நேர்ல பார்த்தீங்களா?”

“பெரியவங்க பேசும்போது நடுவுல என்ன? போய் டீ போடு!”

அவள் போகவில்லை.

சொற்கடல் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயமா அது?

“நேர்ல பார்த்தேனாவா? கொட்டுற மழை. நடைபாதையில அவரும் நானும் ஒரு கிழிஞ்ச தார்ப்பாய்க்குள்ள. மேல பார்த்தா வரிசையா குடை தொங்குது. ‘யாருதுய்யா இதெல்லாம்?’னேன். ‘எல்லாம் பல்லுங்க, ஐயா’ன்னாரு. சொல்லிட்டு அழுதாரு பாருங்க! நானும் அழுதேன். மழையில யாருக்கும் தெரியல.”

பதிப்பாளருக்கே கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“மன்னிச்சுக்குங்க ஐயா, உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். உங்க பேரே இருக்கட்டும், பெருசாவே போட்டுடலாம். ஒரே ஒரு உதவி. அந்தக் கடை எங்க இருக்கு? புத்தக வெளியீட்டுக்கு அவரையே கூப்பிட்டு முதல் பிரதி கொடுத்துடலாம்.”

கடல் ஒரு கணம் உள்வாங்கியது. அவர் பார்வை அவசரமாக அறையைச் சுற்றி ஓடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் சரிந்தார்.

“எங்கம்மா கூப்பிடுறது? போய்ச் சேர்ந்துட்டாரே!”

“ஐயையோ! எப்போ?”

“போன வருஷம். பிள்ளைகுட்டி கிடையாது. கடைசி வரைக்கும் கூடவே இருந்து, எல்லாக் காரியமும் நான்தான் பண்ணினேன். என் மடியிலதான் உயிர் போச்சு.”

பதிப்பாளர் பேனாவை மூடிவிட்டுத் தலை குனிந்தார். செத்துப்போன குடைக்காரருக்காக அறை கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தது.

மருமகள்தான் அதைக் கலைத்தாள்.

“நான் அவரைக் கற்பனை பண்ணினதே போன மாசம்தானே, மாமா?”